வெள்ளை வீசியதும்

ஒரே நிலம் – 11

பங்குனி பிறந்துவிட்டால் கொட்டாம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்களில் கரையோரச் சேறு தெரியத் தொடங்கும். நடுவில் மட்டும் முழங்கால் அளவோ இடுப்பளவோ தண்ணீர் நிற்கும். அறுவடை முடிந்து, இனி மடை திறக்க வேண்டிய வயல் இல்லை என்றானதும் ஊர்ப் பெரியவர்கள் கூடி மீன்பிடிக்கு நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா போட்டுச் சொன்ன சேதி இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களிலிருந்து முதல் நாள் இரவே சரக்கு வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஆட்கள் வந்து, கரையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள்.

விடிந்ததும் ஊர்ச்சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வெள்ளை வீசும் வரை ஒருவர் காலும் தண்ணீரில் படக் கூடாது. ஆயிரக்கணக்கான பேர் கையில் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரையைச் சுற்றி நிற்பார்கள். போலீஸ் கயிறு கட்டியிருக்காது, வேலியும் கிடையாது. ஒரு துண்டு அசைவதற்காக அத்தனை பேரும் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும்.

துண்டு அசைந்ததும் கண்மாய் சேறாகக் கலங்கிவிடும். ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளால் கட்டிய கூம்புக் கூடை. அடியிலும் திறப்பு உண்டு, மேலேயும் திறப்பு உண்டு. கலங்கிய நீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால், அடிக்கு ஓர் இடமாக ஊத்தாவைத் தரையில் பதிய அமுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளே ஏதாவது முட்டினால் மூங்கில் வழியே உள்ளங்கைக்கு அந்த அதிர்வு வரும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஜிலேபி என்றால் முதுகு முள் குத்தும். கெளுத்தி என்றால் அதைவிட மோசம், கை வீங்கிவிடும். விரால் வழுக்கிக்கொண்டு விரலிடுக்கில் நழுவும். அதைச் செவுளில் பிடித்துத்தான் தூக்க முடியும். பக்கத்தில் நிற்பவர், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "விட்றாதீங்க மாப்ள, அமுக்கிப் பிடிங்க" என்று குரல் கொடுப்பார். மாப்பிள்ளை, மாமா, அப்பு என்று முறை சொல்லிக் கூப்பிட அந்தத் தண்ணீரில் யாரும் யோசிப்பதில்லை.

பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டு, மீதியை உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். இப்படிக் கண்மாயை எல்லோருக்கும் திறந்துவிட்டால் அடுத்த பருவம் மழை நன்றாகப் பெய்யும், ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் மழையை நம்பியிருக்கும் வானம் பார்த்த பூமி இது. இங்கே அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. மழை ஊரில் யாருடைய சொத்தும் அல்ல. அது கொடுத்ததையும் ஒருவர் மட்டும் அள்ளிக்கொள்ள முடியாது.

மறுநாள் செய்தித்தாளில் 'சாதி, மத பேதமின்றி மக்கள் பங்கேற்றனர்' என்று ஒரு வரி வரும். ஆண்டுதோறும் அச்சாவதால் பழகிப்போய் நாம் அதைக் கடந்துவிடுகிறோம். அந்த வரியை நின்று படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாரம் கொட்டாம்பட்டிக்கு வந்தேன்.

மத நல்லிணக்க மேடைகளில் 'எல்லா மதமும் ஒன்றே' என்று பேச்சைத் தொடங்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதங்கள் கடவுளைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் வெவ்வேறு சேதிகளைச் சொல்கின்றன. நம்புகிறவர்களுக்கு அந்த வேறுபாடு உயிரானது. அதைக் கரைத்துவிட்டு ஒற்றுமை பேசினால் யாருக்கும் மரியாதை செய்ததாகாது. கண்மாய் யாரிடமும் நம்பிக்கையை விட்டுத்தரச் சொல்வதில்லை. துவரங்குறிச்சிப் பக்கத்து இஸ்லாமியரும் மேலூர் பக்கத்துக் கிறித்தவரும் அய்யனாரைக் கும்பிடுகிறவரும் அவரவர் நம்பிக்கையோடுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். கண்மாய் கேட்பதெல்லாம் நடத்தையில் சில கட்டுப்பாடுகளை: முந்தாதே, ஊர் சொல்லும் வரை பொறு, கிடைத்ததைக் காசாக்காதே, பக்கத்தில் இருப்பவனுக்கும் கொடு. இந்த நான்கையும் தவறென்று சொல்லும் மதம் எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்து மலைகளும் இதே பாடத்தைத்தான் வைத்திருக்கின்றன. கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு மலை என்று நாம் சொல்வது அதைத்தான். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில், உச்சியில் ஷேக் அப்துல்லா அவுலியாவின் தர்கா. தர்காவுக்குப் போகிறவர் கோயில் இருக்கும் மலையைத்தான் ஏறியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழிநடை, ஒரே வெயில்.

மேற்கே அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழிக் கல்வெட்டுகளாக நிற்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெயர்களுக்கு முன்னால் தொழிலும் குறித்திருக்கிறது: மதுரை உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர். துணி விற்றவரும் கலப்பைக் கொழு விற்றவரும் உப்பு விற்றவரும் ஒரே பாறைக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சமணர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அந்தக் கல்லில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அரிட்டாபட்டி மலையில் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் உருவத்தின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அந்தத் திருமேனி பாதிரிக்குடி ஊராரின் பாதுகாப்பில் இருக்கும் என்கிறது அது. அதே மலையில் முற்காலப் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் இருக்கிறது. இரண்டும் இன்றுவரை உருக்குலையாமல் நிற்பதற்கு ஊர்தான் காரணம். சமணம் இந்தப் பகுதியை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், கும்பிட ஆளில்லாத ஒரு திருமேனியைப் பக்கத்து ஊர்க்காரர்கள் உடைக்காமல் விட்டிருக்கிறார்கள். இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

பிரான்மலைக் கோயிலைப் பேசும்போது அதை நிர்வகிக்கும் குன்றக்குடி ஆதீனத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 1982 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து – கிறித்தவக் கலவரம் மூண்டு உயிர்கள் போனபோது, குன்றக்குடி அடிகளார் நேரில் அங்கே போனார். ஒரு சைவ மடத்தின் தலைவர், கொதித்துக்கொண்டிருந்த கடற்கரைக் கிராமங்களுக்குள் நடந்து இரு தரப்பாரையும் சந்தித்தார். பல சமயத்துப் பெரியவர்களும் ஒன்றாக உட்காரத் திருவருட்பேரவை என்ற அமைப்பையும் முன்னெடுத்தார். தன் சமயத்தில் ஊன்றி நின்றவர் என்பதால்தான் அவருடைய பேச்சு அங்கே எடுபட்டது என்று நினைக்கிறேன். எதிலும் பிடிப்பில்லாதவர் போயிருந்தால் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியிருக்கும்.

ஆனால் இந்த மண்ணைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் பொய் சொல்கிறவனாகிவிடுவேன். மேலூர் அருகே மேலவளவு இருக்கிறது. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களையும் தடைகளையும் தாண்டித் தேர்தலில் வென்றவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தை வழிமறித்து அவரையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டினார்கள். ஆறு பேர் செத்தார்கள். ஊராட்சித் தலைவர் என்றால் கண்மாய்க் குத்தகை, ஊர்ப் பொதுச் சொத்து எல்லாவற்றின் மேலும் பேசும் உரிமை உள்ளவர். அந்த உரிமை ஒரு தலித்தின் கைக்குப் போவதைப் பொறுக்காதவர்கள் செய்த கொலை அது.

கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் கும்பிட்ட தெய்வங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால்தான் மதங்களுக்கு இடையிலான ஒற்றுமையைச் சாதியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினால் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும் என்கிறேன். பக்கத்துப் பள்ளிவாசலோடு பகை இல்லாத ஊரில், சொந்தச் சேரியோடு பகை இருந்தால் அங்கே என்ன ஒற்றுமை? மீன்பிடித் திருவிழா அன்று சேரி இளைஞர்களும் மற்றவர்களோடு சேர்ந்து அதே தண்ணீரில் இறங்கும்போது, அந்த ஒரு நாள் எத்தனை உயரமானது என்று தெரிய வேண்டுமானால் மேலவளவை மனசில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மீதி முன்னூற்றுச் சொச்சம் நாளும் அந்த உயரத்துக்கு வரவில்லை என்பதும் அப்போது தெரியும்.

பொதுச் சொத்துக்கு ஆபத்து என்றால் ஊர்கள் எப்படிச் சேரும் என்பதையும் இதே வட்டாரம் அண்மையில் காட்டியது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டிப் பகுதியில் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்கும் ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது என்ற சேதி வந்தது. வயலும் கண்மாயும் மலையும் கோயிலும் சமணக் குகையும் அடங்கிய பரப்பு அது. ஊர்கள் கூடின. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. மேலூரில் கடைகளை அடைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் கிளம்பி மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது.

அந்த நடைப்பயணத்தில் யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதனால் ஒன்றும் குறைந்திருக்காது. கண்மாய் தூர்ந்தால் எல்லோர் கிணறும் வற்றும் என்பது இந்தப் பூமியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஒற்றுமைக்கு அடித்தளம் தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். பகைத்துக்கொண்டால் இருவருமே இழக்கப்போகும் ஒரு பொருள் ஊரில் இருக்க வேண்டும், அதைக் காக்கும் விதிகளை ஊரே சேர்ந்து வகுத்திருக்க வேண்டும்.

அந்தப் பொருள்தான் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகைக்குப் போகிறது. குத்தகைக்காரர் குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, காவலுக்கு ஆள் வைத்துப் பிடித்து விற்கிறார். அந்தப் பணம் கோயில் செலவுக்கோ ஊர்ச் செலவுக்கோ வருகிறது என்பது உண்மைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே வெள்ளை வீச யாருக்கும் வேலை இல்லாமல் போகிறது. இன்னொரு பக்கம் வரத்துக்கால்கள் அடைபட்டும், உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டியும் தண்ணீரே தேங்காத கண்மாய்கள் இருக்கின்றன.

கொட்டாம்பட்டி ஒன்றியத்தின் ஊராட்சிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆடி பிறப்பதற்குள் கிராமசபையில் பேசி, ஊருக்கு ஒரு கண்மாயையாவது குத்தகைக்கு விடாமல் பொது மீன்பிடிக்கு ஒதுக்குங்கள். வரத்துக்காலை மழைக்கு முன்பே வெட்டுங்கள். நாள் குறிக்கும் கூட்டத்தில் சேரிப் பெரியவரும் ஜமாத்துப் பெரியவரும் சர்ச் பெரியவரும் உட்காரட்டும். அடுத்த பங்குனியில் வெள்ளை வீசும் முறை அவர்களில் ஒருவருக்கு வரட்டும்.

(தொடரும்)