பிள்ளை பிறந்த பின் ஆறு வாரம்

புதுச்சேரியில் இன்று வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலோ கோரிமேடு ஜிப்மரிலோ பிள்ளை பிறக்கிறது. சுகப்பிரசவம் என்றால் சில நாளில் வீடு. அதன்பின் எல்லார் கண்ணும் குழந்தை மேல்தான். பச்சை உடம்புக்காரியின் வயிற்றுக்குள் நடக்கும் வேலையை யாரும் நினைப்பதில்லை.

ஒரு கிலோ இளைக்கும் கதை

பிள்ளை பிறந்ததும் கருப்பை சுமார் ஒரு கிலோ இருக்கும். தொப்புள் மட்டத்தில் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை இறங்கி, ஒரு வாரத்தில் அரைக் கிலோவாகி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். ஆறு வாரத்தில் நூறு கிராம்கூடத் தேறாது. தசைச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை; பருத்த செல் ஒவ்வொன்றும் தன்னைத் தானே செரித்து இளைக்கிறது. இடையிலுள்ள கொலாஜன் நாரையும் நொதிகள் கரைக்கின்றன.

நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அளவுப் புண். தோலில் இத்தனை பெரிய காயம் பட்டால் தழும்பு நிச்சயம். இங்கே அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் புதுச்சவ்வு வளர்ந்து, பழையதைத் தள்ளிவிடுகிறது; தழும்பு மிஞ்சுவதில்லை. அடுத்த கரு ஒட்ட இடம் கிடைப்பது அதனால்தான். முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகவும், பிறகு வெளிறியும் கசிவது இந்தப் புண் ஆறுவதன் அடையாளம்.

தொழுவத்தில்

கன்று ஈன்ற பசுவின் கருப்பை ஒன்பது, பத்துக் கிலோ. ஒரு மாதத்தில் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். இளங்கொடி பன்னிரண்டு மணி நேரத்தில் விழாவிட்டால் கையால் இழுக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இளங்கொடி விழுந்ததா என்று மாட்டுக்காக விடிய விடிய விழித்திருக்கும் வீட்டில், மகளுக்கு எவ்வளவு உதிரம் போகிறது என்று கேட்க ஆளில்லை என்பது விசித்திரம்தான்.

துணிக்கட்டு போதுமா?

வயிற்றை இறுக்கிக் கட்டினால் இடுப்புக்கு இதம். கருப்பை அதனால் சுருங்காது. குழந்தை மார்பைச் சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின்தான் அதைச் சுருக்குகிறது. அப்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். இரண்டாம் பிள்ளைக்கு வலி கூடுதல். பயப்பட வேண்டாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது மட்டும் சுத்தத் தவறு.

மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, கசிவு நாறினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலோ நல்ல நேரம் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.