இடக்கை வீரரை எதிர்கொள்வது எப்படி?

குத்துச்சண்டை வீரர்களில் பெரும்பாலோர் இடது காலை முன்வைத்து நிற்பவர்கள். முன்னால் இருக்கும் இடது கை ‘ஜாப்’ எனும் வேகக் குத்துகளை விடும். பலமான வலது கை பின்னால் காத்திருக்கும். இது ‘ஆர்த்தடாக்ஸ்’ நிலை. ‘சவுத்பா’ எனப்படும் இடக்கை வீரருக்கு எல்லாமே தலைகீழ்: வலது கால் முன்னால், பலமான இடது கை பின்னால்.

வலக்கை வீரர் பயிற்சிக்கூடத்தில் தன்னைப் போன்றவர்களுடனே மோதிப் பழகியவர். இடக்கை வீரரும் அதே வலக்கைக்காரர்களுடன் தினமும் மோதியவர்தான். ஆகவே இருவரும் மேடையேறும்போது ஒருவருக்கு எல்லாம் புதிது, மற்றவருக்கு எல்லாம் பழகியது. முன்னிருக்கும் கைகள் முட்டிக்கொள்வதால் ஜாப் எளிதில் போய்ச் சேராது. முன்கால்களும் நேருக்கு நேர் வந்து மிதிபடும்.

இதற்கு விடை காலில் இருக்கிறது. வலக்கை வீரர் தன் இடது பாதத்தை எதிராளியின் வலது பாதத்துக்கு வெளிப்புறமாக வைக்க வேண்டும். அப்போது அவருடைய வலது கைக்கு எதிராளியின் இரு கைகளுக்கும் நடுவே நேர்வழி திறக்கும். எதிராளியின் இடது கைக்குக் குறி விலகிவிடும். இடப்பக்கமாக நகரச் சொல்லிப் பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வலப்பக்கம் நகர்ந்தால் அந்த இடது கையின் பாதையிலேயே போய் நிற்க நேரும். ஜாபுக்காகக் காத்திராமல் வலது நேர்க்குத்தையே முதல் அடியாக விடலாம். அதைத் தொடர்ந்து, ‘ஹூக்’ எனும் வளைவான இடது குத்து.

மெக்சிகோவின் ஹுவான் மானுவேல் மார்க்கெஸ் இதற்கு நல்ல சாட்சி. 2004-இல் பிலிப்பைன்ஸின் இடக்கை வீரர் மேனி பாக்கியாவ் முதல் ரவுண்டிலேயே அவரை மூன்று முறை வீழ்த்தினார். மார்க்கெஸ் எழுந்து, அந்த இடது கையைப் படித்துக்கொண்டு, போட்டியைச் சமனில் முடித்தார். 2008, 2011 மோதல்களில் நடுவர்கள் பாக்கியாவுக்கே வெற்றி தந்தனர். 2012 டிசம்பர் 8, லாஸ் வேகாஸில் நான்காவது மோதல். மூன்றாவது ரவுண்டில் மார்க்கெஸின் வலது கை பாக்கியாவைச் சாய்த்தது. ஐந்தாவதில் மார்க்கெஸ் விழுந்தார். ஆறாவது ரவுண்டு முடிய ஒரு நொடி இருக்கையில், பாக்கியாவ் முன்னே பாய்ந்த கணத்தில் மார்க்கெஸின் வலது கை நேராக முகத்தில் இறங்கியது. பாக்கியாவ் முகங்குப்புற விழுந்தார். நடுவர் எண்ணவே இல்லை.

இடக்கையின் பலத்தில் பாதி, அது நமக்குப் பழக்கமில்லாததில் இருக்கிறது. பயிற்சியாளர்களே, உங்கள் கூடத்தில் ஓர் இடக்கை மாணவர் இருந்தால், மற்ற எல்லோரையும் அவருடன் முறைவைத்து மோதவிடுங்கள்.