முதுமையின் புத்தியை எதைக்கொண்டு அளப்பது?

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, புதன்கிழமையன்று, ஸ்காட்லாந்து தேசத்துப் பள்ளிக்கூடங்களில் படித்துக்கொண்டிருந்த, 1921ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகளை, அநேகமாக ஒருவர் விடாமல், உட்காரவைத்து ஒரே பரீட்சையை எழுதச் செய்தார்கள். அவகாசம் 45 நிமிஷம். எழுதியவர்கள் 87,498 பேர். எதிர்ப்பதம் சொல்லுதல், இனத்தோடு சேராத சொல்லைப் பொறுக்குதல், சிறு கணக்குகள், சங்கேத எழுத்தைப் பிரித்து வாசித்தல் என்று கேள்விகள் பலவகைப்பட்டிருந்தன. தேசத்துப் பிள்ளைகளின் புத்திசக்தி எவ்வாறு பரவிக் கிடக்கிறது என்று அறிய விரும்பிய ஒரு கல்வி ஆராய்ச்சிச் சபையின் காரியம் அது. மதிப்பெண்களைப் பேரேடுகளில் பதிந்து, அறிக்கையும் வெளியிட்டாயிற்று. அதன் பிறகு அந்தப் பேரேடுகள் எடின்பரோவில் ஒரு நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவற்றைத் தேடுவார் இல்லை.

1990களின் பிற்பகுதியில் லாரன்ஸ் வாலி, இயன் டியரி என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு அவை வந்தபோது, அவர்கள் புதையல் கண்டவர்களைப்போல் மகிழ்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் விளங்கவேண்டுமானால், முதுமையில் புத்தி என்ன ஆகிறது என்னும் விசாரணை அதுவரை எந்த வழியில் நடந்து வந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நியூயார்க் நகரத்துப் பெல்வியூ ஆஸ்பத்திரியில் மனோதத்துவ நிபுணராக இருந்த டேவிட் வெக்ஸ்லர், 1939ஆம் ஆண்டில் வயதுவந்தோருக்கென்றே ஒரு புத்திப் பரீட்சையை வெளியிட்டார். அவருடைய அளவுகளின்படி மனிதனுடைய புத்திசாமர்த்தியம் இருபதுகளிலேயே உச்சத்தை எட்டி, அதற்குப் பின் தேகபலத்தைப் போலவே படிப்படியாக இறங்குகிறது. வயதானால் புத்தி மழுங்கும் என்று ஊரார் சொல்லிவந்ததற்குச் சாஸ்திரத்தின் முத்திரையே கிடைத்துவிட்டதாக உலகம் எண்ணியது. ஆனால் அந்த முடிவு கிடைத்த விதம் ஆராயத்தக்கது. இருபது வயதினர், நாற்பது வயதினர், அறுபது வயதினர் என்று வெவ்வேறு மனிதர்களை ஒரே காலத்தில் பரீட்சித்து, அவர்களுக்குள் கண்ட வித்தியாசம் முழுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள். குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பார்த்து, தாத்தா குட்டை, பேரன் நெட்டை, ஆகையால் மனிதன் வயதாக ஆக அரையடி குறைந்துபோகிறான் என்று தீர்மானிப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அந்தத் தாத்தா வளர்ந்த நாளில் உணவும் குறைவு, பள்ளிப்படிப்பும் குறைவு, இந்த மாதிரிப் பரீட்சைத்தாளைக் கண்ணால் கண்ட பழக்கமும் இல்லை.

இந்தக் குறையை உணர்ந்து வேறு வழியில் இறங்கியவர் வார்னர் ஷாயி. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருபதுகளிலிருந்து எழுபது வரையில் பல வயதினரான 500 பேரைப் பரீட்சித்த அவர், அவர்களையே ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அழைத்தும், ஒவ்வொரு முறையும் புதியவர்களைச் சேர்த்தும், பல பத்தாண்டுகள் அந்த வேலையை விடாமல் நடத்தினார். ஒரே மனிதனை அவனுடைய பழைய நிலையோடு ஒப்பிட்டபோது படமே மாறிவிட்டது. சொல்லறிவும் தர்க்க யோசனையும் நடுவயது வரையில் ஏறவோ நிலைத்து நிற்கவோ செய்கின்றன. பெரும்பாலோரிடம் தெளிவான இறக்கம் அறுபதைத் தாண்டிய பிறகே தென்படுகிறது. அவரும் அவர் மனைவி ஷெரி வில்லிஸும், முதியவர்களுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் பயிற்சி அளித்துப் பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தேறினார்கள்; இடைக்காலத்தில் சரிந்திருந்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய நிலைக்கே மீண்டார்கள்.

எல்லாச் சக்திகளுக்கும் இந்தச் சலுகை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கண்ணால் கண்டதை விரைந்து இனம் பிரிக்கும் வேகம் இளமையிலேயே குறையத் தொடங்குகிறது. இதில் எந்த முறையில் அளந்தாலும் அபிப்பிராய பேதம் இல்லை. மேலும், திமோதி சால்ட்ஹவுஸ் போன்ற ஆராய்ச்சியாளர்கள் ஷாயியின் முறைக்கும் ஆட்சேபம் கூறினார்கள்: ஒரே பரீட்சையைத் திரும்ப எழுதுகிறவருக்குப் பழக்கமே துணைசெய்கிறது, தளர்ந்தவர்கள் அடுத்த முறை வராமல் நின்றுவிடுவதால், எஞ்சியவர்கள் எல்லாரும் திடமானவர்களாகத் தோன்றுகிறார்கள். ஆட்சேபம் நியாயமானதுதான். வெக்ஸ்லர் காட்டிய சரிவு மிகை என்றால், சியாட்டில் காட்டும் சமதளமும் சற்றே மிகை என்பதே என் எண்ணம்.

இனி ஸ்காட்லாந்துக் கதைக்கு வருவோம். சரியாக 66 ஆண்டுகள் கழித்து, 1998ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, அபர்டீன் நகரத்து மியூசிக் ஹால் என்னும் மண்டபத்தில், கண்டுபிடித்து அழைத்துவர முடிந்த பழைய மாணவர்கள், எழுபத்தேழு வயதை ஒட்டிய கிழவர்களாகவும் கிழவிகளாகவும் கூடினார்கள். அதே கேள்வித்தாள்; அதே 45 நிமிஷம்; பிள்ளைகளுக்கு அன்று வாசித்துச் சொன்ன அதே விதிமுறைகள். பதினொரு வயதில் தாங்கள் பெற்ற மதிப்பெண்ணைவிட, சராசரியாக, அவர்கள் அதிகமே பெற்றார்கள். அன்று முன்வரிசையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் முன்வரிசையிலேயே இருந்தார்கள். பின்னர் எடின்பரோவைச் சுற்றியுள்ள லோதியன் பகுதியில், 1921இல் பிறந்தவர்களையும், அவர்களைப் போலவே பதினொரு வயதில் பரீட்சை எழுதியிருந்த 1936இல் பிறந்தவர்களையும் தொடர்ந்து பரீட்சித்ததிலும் அவ்வாறே கண்டது. முதியவருக்கு முதியவர் புத்தியில் காணும் வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதி, பால்யத்திலேயே இருந்த வித்தியாசம் என்பது டியரியின் கணக்கு. மற்றப் பாதியைப் புகைபிடியாமை, தேக உழைப்பு, வியாதியின்மை, பிறவி அமைப்பு என்று பல காரணங்கள் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரும்பங்கு எதற்கும் இல்லை.

பால்ய மதிப்பெண் கையில் இருந்ததால் பல நம்பிக்கைகள் உடைந்தன. எழுபது வயதில் காப்பி அருந்துகிறவர்கள் பரீட்சையில் நன்றாகச் செய்தது உண்மை. ஆனால் அவர்கள் பதினொரு வயதிலேயே நன்றாகச் செய்தவர்கள் என்பதைக் கழித்துப் பார்த்ததும், காப்பியின் பெருமை அநேகமாகக் கரைந்துவிட்டது. குறுக்கெழுத்துக்கும் இதே கதிதான் என்பது பத்திரிகையில் எழுதுகிறவன் சொல்லத்தக்க விஷயமன்று; ஆயினும், 1936இல் பிறந்த ஏறக்குறைய 500 அபர்டீன்காரர்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த முடிவு, புதிர்களில் ஈடுபாடு உடையவர்கள் உயரமான படியிலிருந்து இறங்குகிறார்களேயன்றி, இறங்கும் வேகம் அவர்களுக்குக் குறையவில்லை என்கிறது. இதற்கு மாறாக, இரண்டாவது மொழி ஒன்றைக் கற்றவர்கள், அதை வயதுவந்த பிறகு கற்றிருந்தாலும்கூட, பால்ய மதிப்பெண்ணைக் கொண்டு எதிர்பார்த்ததைவிடச் சற்று மேலாகவே இருந்தார்கள் என்று தாமஸ் பாக் 2014இல் கண்டறிந்தார்.

நிலவறையில் கிடைத்த பேரேடு நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இல்லை. எனினும் டிமென்ஷியா என்னும் மறதி நோயைக் கணிக்கும் வைத்தியரும், இவர் மற்றவரைவிட மந்தமா என்று கேட்பதில்லை. தம்முடைய முந்தைய நிலையிலிருந்து இவர் சரிந்திருக்கிறாரா என்றே வீட்டாரிடம் விசாரிக்கிறார். மாதந்தோறும் பால்கணக்கைத் தாமே தீர்த்துவந்த பாட்டி, இந்த ஆண்டு அதில் தடுமாறினால், அது தாமதியாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டிய சங்கதி. பேரனைப் போலக் கைப்பேசியை வேகமாகத் தட்டத் தெரியவில்லை என்பது ஒரு சங்கதியே அல்ல.