ஐப்பசியில் ஒரு நடை

பள்ளிக்கூடப் புத்தகங்களில் இலையுதிர் காலம் என்று ஒரு பருவம் வருகிறது. அக்டோபர், நவம்பரில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாகி உதிரும் என்று பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். அது மேனாட்டாரின் பருவம். ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என்றார்கள். நெல்லைச் சீமை முழுதும் பச்சை பிடிக்கும் காலம் அது.

சென்ற ஐப்பசியில் பிறந்த ஊர்ப் பக்கம் போயிருந்தபோது, கல்லிடைக்குறிச்சியிலிருந்து கன்னடியன் கால்வாய்க் கரையோடு வீரவநல்லூரை நோக்கி நடந்தேன். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேற்கே பொதிகை மலை, கைநீட்டினால் எட்டும் போல நீலமாய் நின்றது. கரையோரத்தில் ஆவாரை பூத்திருந்தது. வேலியில் காந்தள் தீக்கொழுந்தாய்ச் சிவந்திருந்தது. ஈர மண்ணில் வெல்வெட் துணித் துணுக்குகள் போலச் செந்நிறப் பூச்சிகள் ஊர்ந்தன. சங்கப் புலவர்கள் மூதாய் என்றது இவற்றைத்தான். வயல்களில் பிசான நடவு. பெண்களின் குலவை ஒலி கேட்டு, கொக்குக் கூட்டம் எழுந்து மீண்டும் அங்கேயே அமர்ந்தது.

இதை இயற்கை அழகு என்பது பாதிதான் சரி. மறுபாதி மண்வெட்டியின் அழகு. தாமிரபரணிக்கு இரு பருவ மழையும் உண்டு. ஆகவேதான் காரும் பிசானமுமாக இரண்டு போகம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் ஒன்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னட தேசத்து அந்தணர் ஒருவர் வெட்டுவித்த கால்வாய் இது என்பது ஊர் வழக்கு. வெட்டியவர் எவராயினும், மட்டம் பார்த்த கண் அபாரமானது! இயந்திரம் ஏதுமின்றித் தண்ணீர் தானே நடந்து போகிறது.

சாலையை ஒட்டிய இரண்டு வயல்களில் மட்டும் நாற்று இல்லை. மஞ்சள் வர்ணம் பூசிய மனைக் கற்கள் நின்றன. வரப்பிலிருந்த முதியவர் ஒருவர், “மேல் வயல் வழியாத்தான் எனக்குத் தண்ணி வரணும், சார்வாள். இப்போ மடையை அடைச்சிட்டாங்க. இந்தப் பிசானத்தை மழையை நம்பி நட்டாச்சு. கார் எப்படின்னு தெரியல” என்றார்.

மலைவாசஸ்தலங்களுக்கு ஆண்டுதோறும் பணம் செலவழிக்கும் குடும்பங்கள் ஒரு முறை இங்கே வரலாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் ரயிலில் கல்லிடைக்குறிச்சியில் இறங்க வேண்டும். காலையிலேயே புறப்படுங்கள், குடை அவசியம். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் வரப்பில் நடக்க விடுங்கள்.