நினைவூட்டும் முறை

அண்மையில் இளைஞர் ஒருவர் தாம் எழுதிய ஆங்கிலக் கடிதமொன்றைத் திருத்தித் தருமாறு நம்மை நாடி வந்தார். முன்பு பணியாற்றிய இடத்திலிருந்து அவருக்கு இரு மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது. முதற்கடிதத்திற்கு மறுமொழி இல்லை. இரண்டாம் கடிதத்தின் தலைப்பில் 'கைண்ட்லி ரிமைண்டர்' என்று எழுதியிருந்தார். "சாமி, 'ஃப்ரெண்ட்லி ரிமைண்டர்' என்று எழுதலாமென்றால், இதையும் எழுதலாந்தானே?" என வினவினார்.

நியாயமான வினாவே. ஆங்கிலத்தில் 'லி' என முடியும் சொற்களுட் பல வினையடைகள். ஆனால் 'ஃப்ரெண்ட்லி' என்பதோ, 'ஃப்ரெண்ட்' என்னும் பெயர்ச்சொல்லோடு அவ்விகுதி சேர்ந்து பிறந்த பெயரடை. எனவே 'ரிமைண்டர்' என்னும் பெயருக்குமுன் அது இயல்பாய் நிற்கிறது. 'கைண்ட்' என்பது தானே பெயரடை. அதனோடு 'லி' சேர்ந்தால், 'தயவுசெய்து' என்னும் பொருளில் வினையைத் தழுவும். நல்லுள்ளம் கொண்ட முதியவரைக் 'கைண்ட்லி ஓல்டு மேன்' எனப் பெயரடையாகச் சொல்வதும் உண்டு. ஆயினும், கடிதத் தலைப்பில் அது பொருந்தாது. 'தயவுசெய்து நினைவூட்டல்' என்று தமிழில் எழுதினால் நம் செவிக்கு எப்படியோ, அப்படியே அவர்கள் செவிக்கும்.

மற்றொரு பிழையும் கண்டோம். 'ரிமெம்பர்' என்பது நினைத்தல். 'ரிமைண்ட்' என்பது நினைப்பித்தல். நம் இலக்கணத்தின் தன்வினையும் பிறவினையும் போன்றவை இவை. நினைப்பிக்கும்போது யாரை என்பதும் வரவேண்டும். 'ஐ ரிமைண்ட் தட்' என்பது குறை; 'ஐ ரிமைண்ட் யூ தட்' என்பதே நிறைவு.

'ஜென்டில் ரிமைண்டர்' இலக்கணத்திற்கு ஒத்ததே. நம் நாட்டு அலுவலகங்களில் அது பெருவழக்கு. ஆயினும், தலைப்பில் மென்மையைப் பறைசாற்றிவிட்டு, முடிவில் மிரட்டி எழுதினால் அம்மென்மைக்குப் பொருளென்ன? மென்மை கடிதத்தின் நடையில் விளங்க வேண்டுமேயன்றித் தலைப்பில் அறிவிக்கப்பட வேண்டுவதன்று.

"தம்பி, நீர் கேட்பது பிச்சையன்று, உழைத்த கூலி. குழைந்து கேட்கவும் வேண்டா, சினந்து கேட்கவும் வேண்டா" என்றோம். தலைப்பில் 'ரிமைண்டர்' என்ற ஒரு சொல். கீழே முதற்கடிதத்தின் தேதி, எந்த மாதங்களின் சம்பளம், எவ்வளவு தொகை, எந்நாளுக்குள் மறுமொழி வேண்டும் என்பன. 'ப்ளீஸ்' ஒரே ஒருமுறை. கடிதம் ஆறு வரிகளில் முடிந்தது.

அன்றே அதை அனுப்பிவிட்டார். மறுமொழிக்காக அவரோடு நாமும் காத்திருக்கிறோம்.