சூடேறியதும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வாகனம்: மலையகச் சாரதிகள் அறிய வேண்டியவை

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிவரும் வாகனங்களில் பல, இறம்பொடை நீர்வீழ்ச்சியருகே ஒரு தேநீருக்காக நிறுத்தப்படுவது வழக்கம். காலையில் வீட்டு வாசலில் முதல் திருப்பிலேயே இயங்கிய கார், இந்த இருபது நிமிட ஓய்வின் பின்னர் முரண்டு பிடிக்கின்றது. சாவியைத் திருப்பத் திருப்ப இயந்திரம் சுழல்கிறதே தவிர இயங்குவதில்லை. அரை மணி நேரம் கழிந்ததும் எதுவுமே நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகின்றது. சிவனொளிபாத மலைக்கு, முஸ்லிம் மக்கள் வழங்கும் பெயரில் பாவா ஆதம் மலைக்கு, அட்டன், மஸ்கெலியா வழியாகச் செல்லும் வான்களிலும் இக்காட்சியைக் காணலாம்.

சுற்றுலா வந்தவருக்கு இது அரை மணி நேர எரிச்சல் மட்டுமே. தோட்டத்தில் வாழ்பவருக்கோ அப்படியன்று. 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இன்று பெருந்துணையாக இருப்பினும், லயத்திலிருந்து பிரதான வீதிவரையிலான கரடுமுரடான உட்பாதையில் நோயாளியைச் சுமப்பது பெரும்பாலும் அயலவர் ஒருவரின் முச்சக்கரவண்டியோ பழைய வானோதான். வழியில் ஒருமுறை நிறுத்திய வாகனம் மீண்டும் இயங்காவிடின் இழக்கப்படுவது நேரம் மட்டுமல்ல. மேலும், 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களையே பேணி ஓட்டவேண்டிய நிலையில் பலரும் இருந்தனர். இத்தகைய வாகனங்களில் இக்குறை கூடுதலாகத் தோன்றுவது இயல்பே.

ஓடிக்கொண்டிருக்கும்போது வராத தொல்லை நிறுத்திய பின் ஏன் வருகின்றது? வாகனம் ஓடும்போது ரேடியேட்டர் நீரும் எதிர்க்காற்றும் வெப்பத்தை அகற்றிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தியவுடன் நீரின் சுழற்சி நின்றுவிடுகின்றது. இயந்திரத்தின் இரும்பில் தேங்கிய வெப்பமோ சுற்றியுள்ள எரிபொருள் குழாய், ஸ்டார்ட்டர் மோட்டார், சென்சர் ஆகியவற்றுக்குப் பரவுகின்றது. ஆகவே பொனட்டின் கீழுள்ள இப்பாகங்களின் வெப்பநிலை நிறுத்திய பின் சிறிது நேரம் உயர்ந்து, அதன் பின்னரே தணிகின்றது.

நுவரெலியாவின் குளிர் இதிலிருந்து காக்கும் என்று எண்ணுவது தவறு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில் வளியமுக்கம் கொழும்பிலுள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகும். அங்கு திறந்த பாத்திரத்திலுள்ள நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கின்றது. பெற்றோலும் அவ்வாறே குறைந்த வெப்பத்தில் ஆவியாகின்றது. நீண்ட ஏற்றத்தில் இயந்திரம் கடுமையாக உழைத்திருப்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறை தோன்றியதும் பலர் செய்வது பாகங்களை ஊகத்தில் மாற்றுவதாகும். முதலில் பற்றரி, பின்னர் பிளக், அதன் பின் எரிபொருள் பம்பு என்று பணம் கரைகின்றதே அன்றி நோய் தீர்வதில்லை. சூடான வேளையில் வாகனம் எவ்வாறு அடம்பிடிக்கின்றது என்பதைக் கவனிப்பதே முதற் பரிசோதனை. அதற்குச் செலவு ஏதுமில்லை.

முதலில் கேட்க வேண்டிய வினா, சாவியைத் திருப்பும்போது இயந்திரம் வழமையான வேகத்தில் சுழல்கின்றதா என்பதாகும். 'டக்' என்ற ஒலியுடன் நின்றுவிட்டால் அல்லது சோர்ந்து சுழன்றால், கோளாறு எரிபொருளில் இல்லை. மின்சாரப் பக்கத்திலேயே தேட வேண்டும். செப்புக் கம்பி சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். இதனால் தேய்ந்த ஸ்டார்ட்டர் மோட்டார் குளிர்ந்த நிலையில் சமாளித்து, சூட்டில் தோற்றுவிடுகின்றது. ஆயினும் அதனைக் கழற்றுமுன் பற்றரி முனைகளில் படிந்த உப்பையும், இயந்திரத்தைச் சட்டகத்துடன் இணைக்கும் 'ஏர்த்' கம்பியையும் பார்க்க வேண்டும். நல்ல பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். சுழற்றும்போது 10 வோல்ற்றுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அதன்மீது ஐயம் கொள்ளலாம்.

வேகமாகச் சுழன்றும் இயங்கவில்லையெனில், அடுத்த வினா பெற்றோல் மணக்கின்றதா என்பதாகும். கடுமையாக மணந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது என்று பொருள். கார்புரேட்டர் உள்ள பழைய வாகனங்களில், அதன் கிண்ணத்திலுள்ள பெற்றோல் வெப்பத்தால் கொதித்து உள்ளே வழிவதால் இது நேர்கின்றது. தாழ்நிலத்தில் சீர்செய்யப்பட்ட கார்புரேட்டர், காற்று அடர்த்தி குறைந்த மலையில் ஏற்கனவே மிகையான பெற்றோலையே தருவதால் இந்நிலை மேலும் மோசமாகும். இவ்வேளையில் அக்சலேட்டரை மீண்டும் மீண்டும் மிதிப்பது தீமையையே கூட்டும். அதனை இறுதிவரை அழுத்திப் பிடித்தபடி, சில விநாடிகள் மட்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அருகில் புகைபிடிக்கலாகாது. புதிய இன்ஜெக்சன் வாகனங்களில் இதே அறிகுறி தென்பட்டால், கசியும் இன்ஜெக்டர் அல்லது சூடான இயந்திரத்தைக் குளிர்ந்தது என்று தவறாக அறிவிக்கும் வெப்ப சென்சர் காரணமாகலாம்.

மணமே இல்லையெனில், எரிபொருள் வந்து சேரவில்லை எனலாம். பழைய வாகனங்களில் குழாயினுள் ஆவி அடைத்துக்கொண்டிருக்கும். பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணியைச் சுற்றினால் அது விலகும். இன்ஜெக்சன் வாகனங்களில் சாவியை 'ஒன்' நிலையில் இரண்டு மூன்று விநாடிகள் வைத்து, மூடி, மீண்டும் வைத்து, இவ்வாறு மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே இயங்கினால், நிறுத்திய பின் குழாயில் தங்க வேண்டிய அழுத்தம் கசிந்து போகின்றது என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

எரிபொருள் சரியாக இருந்தும் இயங்காவிடின் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். இக்னிஷன் கொயிலும், கிராங்க் சென்சரும் சூட்டில் செயலிழந்து குளிர்ந்ததும் பிழைத்துக்கொள்ளும் இயல்புடையவை. கராஜுக்குச் செல்லும்போது வாகனம் குளிர்ந்துவிடுவதால், 'குறை ஒன்றுமில்லை' என்ற பதிலுடன் உரிமையாளர் திரும்புவதற்குப் பெரிதும் காரணம் இவைதான். எனவே சூடாக இருக்கும்போதே பரிசோதிக்கும்படி மெக்கானிக்கிடம் வற்புறுத்த வேண்டும்.

கொழுந்து லொறிகளும் வான்களும் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. அவற்றின் கதை வேறு. குளிரில் எளிதில் இயங்கிச் சூட்டில் மறுக்கும் பழைய டீசல் இயந்திரத்தில், தேய்ந்த இன்ஜெக்சன் பம்பையே அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஐயுறுவார். சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளிகளினூடாகக் கசிவதால் வேண்டிய அழுத்தம் உருவாவதில்லை. பம்பின்மீது நனைத்த சாக்கைப் போட்டதும் இயங்குமானால் ஐயம் வலுப்படும். 'கொமன் ரெயில்' வகைப் புதிய இயந்திரங்களில், இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வழியும் டீசலின் அளவைப் பார்ப்பது இதற்கீடான சோதனையாகும்.

இவை அனைத்துக்கும் முன்பாக வெப்பமானியின் முள்ளைப் பார்த்திருக்க வேண்டும். அது சிவப்பைத் தொட்டிருந்தால், ஸ்டார்ட் ஆகாமை நோயன்று, நோயின் அறிகுறியே. ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்து அதன் கொதிநிலையை உயர்த்துவதாகும். நலிந்த மூடியால் ஏற்படும் தீங்கு உயரமான இடங்களில் அதிகம். சூடாக இருக்கையில் அம்மூடியைத் திறப்பது முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்வதற்கு ஒப்பானது.

இனி, மலையகத்திற்கே உரிய ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வாகனத்தைச் சரிவில் உருளவிட்டு, கியரைப் போட்டு இயங்கச் செய்வது இங்கு சாதாரணம். இதற்காகவே சரிவை நோக்கி நிறுத்துபவர்களும் உள்ளனர். இயந்திரம் நின்ற கார்களிலும் வான்களிலும், பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கே போதுமானது. அதன் பின் மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். சாவி தவறுதலாக மூடப்பட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ், வான், முச்சக்கரவண்டி ஆகியன மோதி ஏழு பேர் உயிரிழந்ததை மலையகம் மறந்திருக்காது. அது உருளவிட்ட வாகனத்தால் நேர்ந்ததன்று. ஆயினும் இச்சரிவுகளில் பிழைக்கு எவ்வளவு இடமுண்டு என்பதை அது உணர்த்தியது. ஆளில்லாச் சமதரையில் நால்வர் தள்ளுவது வேறு. வளைவுக்கு மேலே இருந்து உருளவிடுவது வேறு. தானியங்கிக் கியர் வாகனங்களை இவ்வாறு இயக்கவும் முடியாது.

ஆதலால், வாகனம் முரண்டு பிடிக்கும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, பொனட்டைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆறவிடுவதே முதற் சிகிச்சை. அந்நேரத்தில் ஒரு தாளில் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டது, சுழலும் வேகம் எப்படி, பெற்றோல் மணம் இருந்ததா. அத்தாளைப் பார்க்கும் நல்ல மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும். உங்கள் செலவும் குறையும். நோயாளியை ஏற்றிச் செல்லும் அவசர இரவு வரும்வரை இக்குறையைத் தள்ளிப்போடாதிருப்பதே அறிவுடைமையாகும்.