கொரியன் எழுத்தா? தமிழ்லயே யோசிங்க பாஸ்!

காலை எட்டு மணி. கடையநல்லூரில் இருந்து தென்காசி போற பஸ். ஜன்னலோரத்தில் ரெண்டு காலேஜ் பொண்ணுங்க. ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. செல்லில் ஓடுவது கொரியன் சீரியல். மடியில் ஒரு நோட்டு... அதில் பக்கம் பக்கமாக கொரியன் வார்த்தைகள். ஆனா, எல்லாமே இங்கிலீஷ் எழுத்தில்!

“ஏட்டி, ‘இ’யும் ‘ஓ’வும் சேர்ந்து வருதே... இதை எப்படி வாசிக்க?”

“எனக்கு இங்கிலீஷே தகராறு. இதுல கொரியன் வேறயா? ஆளை விடு!”

அந்த ரெண்டாவது டயலாக்தான் மேட்டர். தமிழ் மீடியத்தில் படிச்ச பலர் கொரியன் பக்கமே போகாமல் ஒதுங்குவது, அதை இங்கிலீஷ் வழியாகத்தான் பிடிக்க முடியும்னு நினைப்பதால்தான். உண்மை தலைகீழ். அந்தப் பொண்ணு குழம்பின உயிரெழுத்து ‘அ’வுக்கும் ‘ஒ’வுக்கும் நடுவில் ஒலிக்கும். நிற்கிற ஒரு கோடு, அதன் இடது பக்கம் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். அதை இங்கிலீஷில் எழுதப் போய்த்தான் இத்தனை சிக்கல்.

இந்த எழுத்துக்குப் பெயர் ஹங்குல். உருவாக்கியவர் செஜோங் மன்னர். 1443-ல் தயாராகி, 1446-ல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரைக்கும் அங்கே சீன எழுத்துதான். ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்யணும். வயலில் வேலை பார்க்கிறவனுக்கு அது நடக்கிற காரியமா? அரசவை அறிஞர்களில் சிலர் 1444-லேயே எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். மன்னர் அசரவில்லை. முதலில் 28 எழுத்து. இன்றைக்கு அடிப்படை எழுத்துகள் 24. மெய் 14, உயிர் 10.

எழுத்தின் உருவத்தில்தான் செம ஐடியா. ‘ந’ சொல்லிப் பாருங்க. நாக்கு நுனி மேலே எழும்புதா? அந்த நாக்கின் வடிவம்தான் எழுத்து, இங்கிலீஷ் ‘எல்’ மாதிரி. ‘ம’வுக்கு வாய், அதாவது ஒரு கட்டம். ‘ச’வுக்குப் பல், கூரை மாதிரி ரெண்டு சாய்வுக் கோடு. நாக்கு எங்கே தொட்டால் எந்த எழுத்து பிறக்கும்னு தொல்காப்பியம் பிறப்பியலில் மனப்பாடம் செஞ்சோமே... அதையே படமா வரைஞ்ச மாதிரி!

அடுத்தது நமக்கு மட்டும் கிடைக்கிற போனஸ். ‘பல்’லில் வரும் ‘ப’ வேற, ‘கம்பு’வில் வரும் ‘ப’ வேற. எழுத்து ஒண்ணுதான், இடம் பார்த்து சத்தம் மாறும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் சொல்றோம். கொரியனிலும் க, த, ப, ச வரிசைக்குக் கிட்டத்தட்ட இதே கதை. வார்த்தை ஆரம்பத்தில் வல்லிசாக, நடுவில் மெலிசாக. இங்கிலீஷ் வழியாக வருகிறவர்தான் ‘இது பி-யா, அது பி-யா’ன்னு முழிப்பார். புசான்னு ஒரு துறைமுக நகரம். 2000-ல் அரசாங்கமே இங்கிலீஷ் ஸ்பெல்லிங் முறையை மாற்றியதில், அந்த ஊரின் முதல் எழுத்தே மாறிப்போச்சு. கொரியன் எழுத்து மட்டும் அப்படியே!

எழுதும் முறை நம்ம உயிர்மெய் மாதிரி. மெய் ஒண்ணு, அதன் வலது பக்கமோ கீழேயோ உயிர், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய். மூணும் சேர்ந்து ஒரு கட்டம். கட்டத்தின் ஆரம்பத்தில் வட்டம் இருந்தால் சத்தமே கிடையாது, உயிர் மட்டும் ஒலிக்கும். அதே வட்டம் அடியில் வந்தால் ‘ங்’. முதல் பயிற்சிக்கு ‘அப்பா’ எழுதுங்க. கொரியனிலும் அப்பாவுக்கு ‘அப்பா’தான்! முதல் கட்டம் வட்டமும் ‘அ’வும். அடுத்தது இரட்டை ‘ப’வும் ‘அ’வும். (‘ஆஹா, ரெண்டும் ஒரே குடும்பம்!’னு கிளம்பிடாதீங்க. ஹோமர் ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் நூறு வருஷத்துக்கு முன்பே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை.)

கஷ்டமே இல்லையா? இருக்கு. ‘ப’விலேயே மூணு வகை: சாதா, காற்றோடு, அழுத்தி. காது பழக மாசக்கணக்காகும். ‘கம்சா ஹம்னிதா’, அதாங்க நன்றி... அதில் ‘ஹம்’ இருக்கிற இடத்தில் எழுதுவது ‘ஹப்’! பக்கத்தில் வரும் ‘ந’வால் மாறுது. நம்ம புணர்ச்சிதான், ஆனா மாற்றத்தை எழுத்தில் காட்ட மாட்டார்கள். அப்புறம், வாசிக்கத் தெரிந்தால் மொழி தெரிந்ததாகாது. எழுத்துக்கு ஒரு வாரம் போதும், மொழிக்கு வருஷங்கள் வேணும். முறையாகப் படிக்கணும்னா சென்னையில் இன்கோ சென்டர் இருக்கு. பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிச்சா ஒரு ராத்திரி. ஆனா, எழுத்துக்காக ரயில் ஏற வேண்டாம்.

புது எழுத்து நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி, தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்கியது. அரபியில் இல்லாத ப, ட, ள, ழ மாதிரியான ஒலிகளுக்கு இருக்கிற எழுத்திலேயே புள்ளியும் குறியும் சேர்த்தார்கள். 19-ம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் நூல்களே எழுதினார். ஓதக் கற்றுக்கொண்ட எழுத்திலேயே பெண்கள் தமிழையும் வாசித்தார்கள். ஹங்குலையும் பண்டிதர்கள் ‘பொம்பளைங்க எழுத்து’ன்னு ரொம்பக் காலம் இளக்காரமாகப் பார்த்தார்கள். கடிதமும் கதையுமாக அதை வாழவைத்ததில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்க வீட்டு நன்னிம்மாகிட்ட அர்வி பற்றிக் கேட்டுப் பாருங்க, ஏதாவது பழைய கிதாபு கிடைக்கலாம்.

சரி, நோட்டை எடுங்க. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அடிச்சிடுங்க. நம்ம ஊர்ப் பெயரை, பேசுற மாதிரியே எழுதலாம்... க-ட-ய-நல்-லூ-ரு. ஆறு கட்டம். ‘ட’ கொஞ்சம் மழுங்கும். ‘ல’வுக்கும் ‘ர’வுக்கும் ஒரே எழுத்து, இரட்டையாக வந்தால் ‘ல்ல’, தனியாக உயிருக்கு நடுவில் வந்தால் ‘ர’. கடைசி ‘ரு’வுக்கு ஒரு படுத்த கோடு. உதடு குவியாமல் ‘காசு’ன்னு முடிக்கிறோமே, அந்தக் குற்றியலுகரத்துக்கு அங்கே தனி எழுத்தே உண்டு. இங்கிலீஷில் அதுக்கு எழுத்து தேடினால் கிடைக்காது.

‘ழ’ மட்டும் இல்லை. தமிழை அவங்க ‘தாமில்’னுதான் எழுதுறாங்க. பரவாயில்லை, கடையநல்லூரில் ‘ழ’ கிடையாதே! தென்காசி பஸ் ஸ்டாண்ட் வர்றதுக்குள்ள ஆறு கட்டத்தையும் போட்டுடலாம்.